ஒரு தடவைதான் கேட்பார்

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் மதியம், "சாப்டீங்களா சார்?" என்று அவர் கேட்டார். "ஆச்சுங்க" என்றேன். ஆகவில்லை. எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்தில் யாராவது அப்படிக் கேட்டால் முதலில் ஆச்சு என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் "அட, சும்மா ரெண்டு வாய்" என்பார்கள். நாம் வேண்டாம் என்போம். மூன்றாவது தடவைக்கு, என்னவோ அவர்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காக உட்காருவது போல உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிடுவோம். இவர் "சரி" என்றார். டிபன் பாக்ஸைத் திறந்து தனியாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். கறிக்குழம்பு வாசனை மாடி முழுக்கப் பரவியது. நான் ஜன்னல் பக்கம் போய் ஓசூர் ரோட்டு டிராஃபிக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்ன பெண்மணி இவர் என்று அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வருஷம் அவரோடு வேலை பார்த்த பிறகுதான் அந்த "சரி"யின் கனம் புரிந்தது.

அது இரண்டாயிரத்து ஏழு. அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் ஏழு பேர். செய்த வேலையைச் சொன்னால் ஊரில் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று தலைமுடி அகலத்தில் வாய்க்கால் செய்து, அதில் ஒரு திரவத்தை ஓடவிட்டு, அந்தத் திரவத்துக்கு உள்ளேயே பல்சக்கரம் செய்வது. கையால் இல்லை, வெளிச்சத்தால். சக்கர வடிவம் அச்சடித்த ஃபிலிம் வழியாகப் புற ஊதா வெளிச்சத்தை ஒரு நொடி பாய்ச்சினால், வெளிச்சம் பட்ட இடம் மட்டும் இறுகிச் சக்கரமாகிவிடும். மிச்சத்தைக் கழுவிவிட்டுத் தண்ணீர் விட்டால், வாய்க்கால் நடுவில் இருக்கும் தூணைச் சுற்றி அது சுழல வேண்டும். பச்சைக் குழந்தைகளுக்கு ஏற்றும் டிரிப்ஸில் எவ்வளவு மருந்து இறங்கியது என்று அந்தச் சுற்றுகளை எண்ணிச் சொல்லிவிடலாம் என்பது எங்கள் திட்டம். சுழல வேண்டும், எண்ணலாம் என்று சொல்வதோடு சரி. சக்கரம் அசையவே இல்லை.

அவரை எல்லோரும் "சிஸ்டர்" என்று கூப்பிட்டோம். அதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகள் வார்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர். "நான் நர்ஸ் இல்ல சார், லேப் டெக்னீஷியன்" என்று சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை, அவரும் விட்டுவிட்டார். பிரேசர் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். கீழே லேத்துக்காரரிடம் கன்னடம், டீக்கடையில் உருது, எங்களிடம் தமிழ் என்று மாடிப்படி இறங்குவதற்குள் மூன்று பாஷை பேசிவிடுவார். வயது என்னைவிட ஒன்று கூடவோ குறையவோ இருக்கும்.

அவருடைய வேலை வாய்க்கால்கள் செய்வது. தேன் பதத்தில் இருக்கும் ஒரு ரப்பர் திரவத்தை இறுக்கும் மருந்தோடு கலந்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்து உரித்தால் கண்ணாடி போலத் தெளிவான துண்டு வரும். கலக்கும்போது காற்று சிக்கிக்கொள்ளும். அதைக் காற்று உறிஞ்சும் ஜாடியில் அரை மணி வைத்து, கடைசிக் குமிழி மேலே வந்து உடையும்வரை காத்திருக்க வேண்டும். குமிழிதான் எங்கள் ஜென்மப் பகை. அவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே பகை. எந்த ஊசிக்குழலை எடுத்தாலும் நகத்தால் டொக் டொக் என்று தட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பம்ப்பில் மாட்டுவார்.

ஒரு நாள் ஜாடிப் பக்கம் நான் நின்றிருந்தேன். அவர் கை கழுவிக்கொண்டே, "குமிழி எல்லாம் போயிடுச்சா சார்?" என்றார். நான் போனில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் "போயிடுச்சு" என்றேன். அவர் வந்து எடுத்து ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டார். மறுநாள் உரித்தால் பன்னிரண்டு துண்டும் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. வீணான ஒவ்வொரு துண்டுக்கும் எண், தேதி, காரணம் எழுதும் ரெஜிஸ்டர் ஒன்று வைத்திருந்தார். அதில் காரணம் என்ற இடத்தில், "குமிழி. போய்விட்டது என்று சொன்னார்" என்று பன்னிரண்டு தடவை எழுதினார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

"நீங்களே ஒரு பார்வை பாத்திருக்கலாமே சிஸ்டர்?" என்றேன், என் தப்பை அவர் தலையில் பாதி வைக்கும் நப்பாசையில்.

"கேட்டேனே சார்" என்றார்.

"கேட்டீங்க. இன்னொரு தடவை கேட்டிருந்தா நானும் திரும்பிப் பாத்திருப்பேன்."

அப்போதுதான் அவர் கொஞ்சம் நீளமாகப் பேசியது. "வார்டுல ஓடிவந்து கேப்பாங்க, இந்த ரத்தம் எந்தக் குழந்தையோடதுன்னு. நான் சொல்றத வச்சுத்தான் அவங்க மருந்து குடுப்பாங்க. ரெண்டு தபா கேட்டா மொதல் பதிலு சும்மாதான்னு ஆயிடும்ல? அப்புறம் எல்லாரும் மொதல் தபா சும்மானே எதையாவது சொல்லிடுவாங்க, ரெண்டாவது தபாக்குத்தான் யோசிப்பாங்க. குழந்தைக்கு அவ்ளோ டைம் இருக்காது சார்."

ஆஸ்பத்திரிக்கு அது சரி. உலகம் முழுவதையும் இவர் வார்டாக நினைத்துக்கொண்டால் எப்படி? ஆனால் அப்படித்தான் இருந்தார். ஒரு சனிக்கிழமை சிவாஜிநகரில் கறி வாங்க அவரோடு போனேன். "இன்னிக்கு வெட்டுனதா பாய்?" என்றார். "காலைல போட்டதுதான்க்கா, ஏக்தம் ஃபிரெஷ்" என்றார் கடைக்காரர். வாங்கினோம். வீட்டில் போய்ப் பொட்டலத்தைத் திறந்தால் நாற்றம். அடுத்த வாரம் அதே தெரு. நான் சண்டைக்குத் தயாராக வந்தேன். அவர் அந்தக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

"நாலு வார்த்தை கேக்க வேணாமா?" என்றேன்.

"எதுக்கு? கேட்டேன், சொன்னாரு, ஆச்சு. இனிமே கேக்க மாட்டேன், அவ்ளோதான்."

அதற்கப்புறம் பல வாரம் அந்த ஆள், "அக்கா, வாங்கக்கா, என்ன கோவம்?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை என்பதுதான் அவருக்குப் புரியாத விஷயம். சிஸ்டருடைய மகள், பன்னிரண்டு வயது இருக்கும், ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் கேக் சாப்பிடப் போனபோது என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: "ஹோம்வொர்க் முடிச்சியான்னு மம்மி ஒரு தபாதான் கேப்பாங்க அங்கிள். முடிச்சேன்னா நம்பிடுவாங்க. அதான் கஷ்டமா இருக்கு."

எனக்கும் அந்தக் கஷ்டம் வந்தது. நானாகத் தேடிக்கொண்டதுதான்.

அடுத்த மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிகிறது. அவருடையதும்தான். பணம் தருகிற இடத்திலிருந்து ரிவ்யூவுக்கு வருவார்கள். சக்கரம் சுற்றினால் இன்னொரு வருஷம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கு ஜனவரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. மனைவியும் குழந்தையும் மாமியார் வீட்டில். அடுகோடியிலேயே ஒரு வீடு பார்த்து, தொட்டில் மாட்டக் கொக்கி இருக்கிறதா என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். சக்கரம்தான் தூணைப் பிடித்துக்கொண்டு அசையமாட்டேன் என்றது.

அந்தச் சமயத்தில் சிஸ்டர் தானாகவே ஒன்று கண்டுபிடித்திருந்தார். ரப்பரில் காற்று ஊறி நிற்கும். காற்று இருக்கும் இடத்தில் திரவம் இறுகாது. ரப்பரை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் திரவமாகவே இருப்பதால்தான் சக்கரம் சுவரில் ஒட்டாமல் மிதக்கிறது. "அப்போ நடுத் தூணைத் தடிமனா பண்ணுவோம் சார். அதுல காத்து ஜாஸ்தி நிக்கும், சக்கரம் ஸ்வல்பம் விலகி நிக்கும். ரப்பர்ல நிக்கறது நல்ல காத்து. வாய்க்கால்ல வர்றதுதான் ரவுடி" என்றார். புது வரைபடம் போட்டு ஃபிலிமும் அச்சடித்து வாங்கியிருந்தார். அதற்குள் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. பத்து நாள் லீவில் போனார்.

அவர் இல்லாதபோதுதான் பழைய சக்கரம் சுற்றியது. மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை கீழே லேத்தை நிறுத்திச் சாப்பிடப் போவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் மைக்ராஸ்கோப்பில் படம் நடுங்காது, எங்கள் படப்பிடிப்பெல்லாம் அப்போதுதான். கேமரா வாய்க்காலின் நடுப்பகுதியை மட்டும் திரையில் காட்டும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்ப்பவருக்கு இன்னும் கொஞ்சம் அகலமாகத் தெரியும். திரையில் சக்கரம் பல் பல்லாக நகர்ந்து சுற்றியது. எங்கள் பாஸ் துள்ளிக் குதித்தார். கண் வைத்திருந்த எனக்கு, கேமரா எட்டாத மூலையில் ஒரு குமிழி தெரிந்தது. பம்ப் தள்ளும் ஒவ்வொரு தள்ளலுக்கும் அது சக்கரத்தின் பல்லில் இடித்துக்கொண்டிருந்தது. சுற்ற வைத்தது தண்ணீர் இல்லை. பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

லீவு முடிந்து வந்தவர் நேராக என்னிடம்தான் வந்தார். "குமிழி இல்லாம சுத்துச்சா சார்?"

"சுத்துச்சு சிஸ்டர்" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா" என்றார். புது ஃபிலிமைச் சுருட்டி மேசை டிராயரில் போட்டு மூடினார். இனி அது எதற்கு?

ரிவ்யூவுக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கூடவே, சிஸ்டர் முன்பு வேலை பார்த்த வார்டின் தலைமை நர்ஸ் அம்மாவையும் அழைத்திருந்தார்கள், நாளைக்கு இதை உபயோகிக்கப் போகிறவர் என்பதால். படத்தைப் போட்டுக் காட்டினோம். அதிகாரிகள் தலையாட்டினார்கள். அந்த அம்மா மட்டும் படத்தை விட்டுவிட்டு இவரைப் பார்த்து, "நீ பாத்தியாம்மா?" என்றார்.

"நான் பாக்கல மேடம். சார் பாத்தாரு. அவரு சொன்னா நான் பாத்த மாதிரிதான்."

அப்போது சொல்லியிருக்கலாம். தொட்டில் கொக்கி ஞாபகம் வந்தது, சொல்லவில்லை. ஒரு வருஷம் நீட்டித்தார்கள். மனைவியும் குழந்தையும் வந்தார்கள். தொட்டில் மாட்டினோம்.

அதன் பிறகு அவர் பழைய அச்சிலேயே துண்டு துண்டாகச் செய்தார். ஒன்றிலும் சக்கரம் சுற்றவில்லை. எப்படிச் சுற்றும்? ஆனால் அவரைப் பொறுத்தவரை, ஒரு தடவை சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே அச்சு சரி, வரைபடம் சரி. அப்படியானால் தப்பு எங்கே? ஆகஸ்ட்டில் ஒரு மழை நாள், ஏதோ எண் பார்க்க அந்த ரெஜிஸ்டரைப் புரட்டினேன். காரணம் என்ற இடத்தில் "என் கை" என்று எழுதியிருந்தார். அடுத்த வரியிலும் "என் கை". நாற்பத்தொரு துண்டு, நாற்பத்தொரு "என் கை". சில இடங்களில் பக்கத்தில், "நிதானம் போதவில்லை", "வயதாகிறதோ" என்று பென்சிலில் சின்னதாக. பத்து வருஷம் பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தைச் சிந்தாமல் சிதறாமல் எடுத்த கை அது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

போய்ச் சொல்லிவிட்டேன். குமிழி இருந்தது, பார்த்தேன், மறைத்தேன் என்று எல்லாவற்றையும்.

அவர் கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சரி" என்றார். டிராயரைத் திறந்து சுருட்டி வைத்த ஃபிலிமை எடுத்தார்.

"அந்த வரியெல்லாம் அடிச்சிடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சினேன்.

"அடிக்க மாட்டேன் சார். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது அதுதானே?" என்றார். வெகுநாளுக்கு அதுதான் அவர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி. அது கேள்வியாக இருந்தால்.

பாஸிடமும் சொன்னேன். "இப்ப யாருக்கும் சொல்ல வேணாம். மார்ச்சுக்குள்ள நிஜமா சுத்த வைங்க" என்றார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே சிஸ்டர் தலைமை நர்ஸ் அம்மாவின் வீட்டுக்குப் போய், "நான் பாத்த மாதிரின்னு சொன்னேன்ல, அது தப்பு மேடம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என் பெயரை இழுக்கவில்லை. வெகுநாள் கழித்து அந்த அம்மாதான் எனக்குச் சொன்னார்.

என்னிடம் முகம் திருப்பவில்லை. நன்றாகவே பேசினார். கேள்வி மட்டும் கேட்கவில்லை. "டீ வந்திருக்கு" என்பார், வேணுமா என்று கேட்கமாட்டார். ஜாடிப் பக்கம் நான் நின்றால் தானே வந்து குனிந்து பார்ப்பார். குழந்தைக்கு ஜுரம் என்று லீவு போட்டுத் திரும்பினால், "குழந்தைக்குச் சரியாயிருக்கும்" என்பார். மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பார், "சாப்டீங்களா" இல்லை. சிவாஜிநகர்க் கறிக்கடைக்காரரின் நிலைமை எனக்கு. அவரைப் போல நானும், "என்ன சிஸ்டர் கோவம்?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். "கோவமா? சேச்சே" என்று சிரிப்பார். ஏழு மாதம் இப்படிப் போனது.

மறுபடி மார்ச். அதே இரண்டு அதிகாரிகள், அதே தலைமை நர்ஸ் அம்மா. இந்தத் தடவை படம் வேண்டாம், நேரில் காட்டுங்கள் என்றார்கள். தடிமனான தூண் வைத்த புதுச் சக்கரங்கள் அதற்கு முந்தைய வாரம் இரண்டு தடவை அரைச் சுற்று போய் நின்றிருந்தன. நம்பிக்கை இருந்தது. ஒரு மணிக்கு லேத் நின்றது. சிஸ்டர் ஊசிக்குழலை டொக் டொக் என்று தட்டிப் பம்ப்பில் மாட்டி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். மற்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சக்கரம் அசைந்தது. ஒரு பல், இரண்டு பல், முழுச் சுற்று. அதிகாரிகளில் ஒருவர் கை தட்டினார். பாஸ் என் தோளை அழுத்தினார். நான் அகலமாகத் தெரியும் ஓரங்களைப் பார்த்தேன். இடது மூலையில், கேமரா எட்டாத அதே இடத்தில், பட்டாணி மாதிரி உருண்டையாக உட்கார்ந்திருந்தது. பல்லில் இடித்துக்கொண்டிருந்தது.

அப்போது பம்ப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "குமிழி இருக்கா சார்?"

ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு கேள்வி. தொட்டில், வாடகை வீடு, மனைவி முகம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவருடைய வேலையும் அந்தப் பதிலில்தான் இருந்தது, அது தெரிந்துதான் கேட்டார்.

"இருக்கு சிஸ்டர்" என்றேன்.

"சரி" என்றார். பம்ப்பை நிறுத்தினார். திரையில் சக்கரம் நின்றது.

குழாயைக் கழுவி மறுபடி மறுபடி பார்த்தோம். கால் சுற்று, அரைச் சுற்று, அவ்வளவுதான். இரண்டு மணிக்குக் கீழே லேத் ஓட ஆரம்பித்துப் படம் நடுங்கியது. அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனியை மூடினார்கள். நான் நாலு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். தொட்டிலைக் கழற்றிக்கொண்டு மனைவி ஊருக்குப் போனாள், போகும்போது, "அன்னிக்கு இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள். சிஸ்டர் பிரேசர் டவுனிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தார்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அந்த மதியம்தான். அதிகாரிகள் இறங்கிப் போய்விட்டார்கள். தலைமை நர்ஸ் அம்மா மட்டும் படிப் பக்கம் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே இவரிடம் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தானே சுத்திட்டிருந்துச்சு, டக்குனு நிறுத்திட்டியே. குமிழிய நீ பாத்தியா?"

"நான் பாக்கல மேடம்" என்றார் இவர். "சார் பாத்தாரு."

அந்த அம்மா போன பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டிபன் பாக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியில் கை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்டீங்களா சார்?"

"இல்ல சிஸ்டர்" என்றேன். "இன்னும் சாப்பிடல."